பிள்ளைகளுக்கு எம்.எஸ். ஏன் வருகிறது: சாட்சியங்களை எடைபோட்டு ஒரு தீர்ப்பு

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இருபது முப்பது வயதுக்காரர்களின் நோய் என்றே நீண்ட காலம் கருதப்பட்டுவந்தது. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே அரித்துவிடும் நோய் இது. நோயாளிகளில் 3 முதல் 5 சதவீதம் பேருக்கு அது 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. திடீரென்று ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில வாரங்களில் தணியும், பிறகு மறுபடி வரும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இந்தத் தாக்குதல்கள் இரண்டு மூன்று மடங்கு அடிக்கடி வருகின்றன. சுமார் மூன்றில் ஒரு பிள்ளைக்குக் கவனமும் நினைவாற்றலும் குறைந்து படிப்பு பாதிக்கப்படுகிறது.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும் பெற்றோர் முதலில் கேட்பது "ஏன்?" என்பதைத்தான். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு பட்டியல்: மரபணு, எப்ஸ்டீன்-பார் வைரஸ், வைட்டமின் டி குறைவு, உடல் பருமன், வீட்டில் சிகரெட் புகை, தடுப்பூசி, உப்பு. எல்லாவற்றுக்கும் "ஆபத்துக் காரணி" என்ற ஒரே பெயர். பல ஆண்டு இரத்த மாதிரிகளை வைத்து நிறுவப்பட்டதும், பெற்றோரின் ஞாபகத்தை மட்டும் நம்பி ஒரே ஒரு ஆய்வில் தலைகாட்டியதும் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன. இது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன். தேவையில்லாத குற்றவுணர்வை அவர்கள் தலையில் ஏற்றி, உண்மையில் செய்யக்கூடியதைக் கண்ணுக்கு மறைக்கிறது அந்தப் பட்டியல். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். நோய்க்கு முன்பே அது இருந்ததா? வேறு வேறு வழியில் ஆராய்ந்தாலும் நிலைக்கிறதா? நிலைத்தால், அதன் அளவு என்ன?

பிள்ளைகளை ஆராய்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. நாற்பது வயதில் நோய் கண்டவரிடம் அவருடைய பத்து வயது வாழ்க்கையைக் கேட்டறிவது கடினம். பன்னிரண்டு வயதில் நோய் கண்டால், காரணம் எதுவானாலும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான் நடந்திருக்க வேண்டும். அதே அளவுக்கு ஒரு பெரிய தடையும் உண்டு. பிள்ளை நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு. நூறு பேரை ஒரு நாடே சேர்ந்து திரட்ட வேண்டியிருக்கும். இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மரபணுவை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே சாட்சியம் மிக வலுவானது. எச்.எல்.ஏ. எனப்படும் நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் உள்ள தொடர்பு 1970களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அவற்றில் முதன்மையானது டி.ஆர்.பி.1 மரபணுவின் 15:01 என்ற வகை. அதைச் சுமப்பவருக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. 2019இல் 47,429 நோயாளிகளையும் 68,374 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்ட பன்னாட்டுக் கூட்டாய்வு, நோயோடு தொடர்புள்ள 233 மரபணு வேறுபாடுகளை அடையாளம் கண்டது. பிள்ளைகளுக்கென்று தனி மரபணுக்கள் இருக்கின்றனவா என்று தேடியவர்களுக்கு, டி.ஆர்.பி.1 உட்பட அதே பழைய பெயர்களே கிடைத்தன. பிள்ளைகளின் எம்.எஸ். வேறொரு நோயல்ல, அதே நோய்தான் சீக்கிரம் வந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் இன்னொரு பயனுள்ள செய்தி கிடைத்தது. ஒரே ஒருமுறை மயலின் தாக்குதல் வந்து பிறகு முழுவதும் தேறிவிடும் பிள்ளைகளிடம் இந்த மரபணுச் சுமை கூடுதலாக இல்லை. எம்.எஸ். ஆக மாறிய பிள்ளைகளிடம்தான் இருந்தது.

ஆனால் "வலுவான சாட்சியம்" என்பதும் "தலைவிதி" என்பதும் ஒன்றல்ல. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நாலில் ஒருவருக்குக் குறையாமல் அந்த 15:01 வகையைச் சுமக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோருக்கு எம்.எஸ். வருவதேயில்லை. எல்லா மரபணுக்களையும் பகிர்ந்துகொள்ளும் இரட்டையரிலேயே, ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது கனடாவில் 25 சதவீதம் அளவில்தான் இருந்தது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறக்காத இரட்டையரில் அது 5 சதவீதம். அதாவது நாலில் மூன்று பங்கு நேரங்களில், அச்சு அசல் ஒரே மரபணுத் தொகுதி இருந்தும் நோய் இல்லை. மரபணு களத்தைத் தயார் செய்கிறது. விதை வேறு எங்கிருந்தோ வர வேண்டும்.

அந்த 'வேறு எங்கிருந்தோ' நம் மக்களையும் தொட்ட கதை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிரிட்டனில் குடியேறியவர்களிடம் எம்.எஸ். அரிதாகவே இருந்தது. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளிடம் நோயின் அளவு பிரிட்டனின் பொது அளவை நெருங்கியிருந்ததை 1990இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டொரோண்டோவில் பிள்ளை நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களும் இதையொட்டிய ஒன்றைக் கண்டார்கள். வயது வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க, பிள்ளை நோயாளிகளில் கரீபிய, ஆசிய, மத்தியக் கிழக்கு வம்சாவளியினர் கணிசமாக இருந்தார்கள். ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது வாழ்க்கைச் சூழல்.

எந்தச் சூழல்? இங்கேதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ் வருகிறது. எச்சில் வழியே பரவும் இந்த வைரஸ் உலகத்தில் வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் உடலில் வாழ்நாள் முழுக்கத் தங்கியிருக்கிறது. இதுதான் இந்த வைரஸை ஆராய்வதில் நெடுங்காலச் சிக்கலாக இருந்தது. எல்லோரிடமும் இருப்பதை நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? 2022 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் ஹார்வர்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த முட்டுக்கட்டையை உடைத்தது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கும் மேலானவர்களின் சேமித்து வைக்கப்பட்ட இரத்த மாதிரிகளிலிருந்து, பின்னால் எம்.எஸ். கண்ட 801 பேரின் மாதிரிகளை அவர்கள் எடுத்தார்கள். முதல் மாதிரியில் இந்த வைரஸ் தொற்றே இல்லாதவர்கள் 35 பேர். அவர்களில் 34 பேருக்கு நோய் தொடங்குமுன் தொற்று வந்திருந்தது. வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. அதே எச்சில் வழியே பரவும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸுக்கு அப்படி எந்த உயர்வும் இல்லை. நரம்பிழைச் சிதைவைக் காட்டும் புரதம் இரத்தத்தில் கூடியதும் தொற்றுக்குப் பிறகுதான், முன்பு அல்ல. காரணம் முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்தத் துறையில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அதே மாதம் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, வைரஸின் ஈ.பி.என்.ஏ.1 புரதத்தின் ஒரு துண்டும் மூளையிலுள்ள கிளியல்கேம் என்ற புரதமும் சாயலில் ஒத்திருப்பதால் எதிரணுக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைக் காட்டியது.

ராணுவத்தினர் பெரியவர்கள். பிள்ளைகளிடம் சாட்சியம் எப்படி? 2006இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 147 பிள்ளை நோயாளிகளில் 98.6 சதவீதத்தினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 72.1 சதவீதத்தினருக்கும் வைரஸ் இருந்தது. 2007இல் பிரெண்டா பான்வெல் தலைமையிலான பன்னாட்டு ஆய்வில் 137 பிள்ளைகளில் அது 86 சதவீதமும் 64 சதவீதமுமாக இருந்தது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன, அது நல்ல அறிகுறி. ஆனால் கூர்ந்து படிப்பவருக்கு ஒரு கேள்வி எழும். வைரஸ் இல்லாமல் நோயே வராது என்றால், பான்வெல் ஆய்வில் வைரஸ் இல்லாத 14 சதவீதப் பிள்ளைகளுக்கு எப்படி எம்.எஸ். வந்தது?

இங்கேதான் முன்பு சொன்ன சிக்கல். பிள்ளைகளில் மயலினைத் தாக்கும் நோய்கள் பல. மயலினின் மேற்பரப்பிலுள்ள மோக் என்ற புரதத்துக்கு எதிரான எதிரணுக்களால் வரும் நோய் அவற்றுள் ஒன்று. மயலின் தாக்குதலோடு வரும் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த எதிரணு காணப்படுகிறது. இது எம்.எஸ். அல்ல. இதற்கான நம்பகமான சோதனை பரவலானது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். அதற்கு முந்தைய 'குழந்தை எம்.எஸ்.' ஆய்வுகளில் மோக் நோய்ப் பிள்ளைகளும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வைரஸ் இல்லாத அந்தச் சிலர் உண்மையில் எம்.எஸ். நோயாளிகள்தானா என்பதே ஐயத்துக்கு இடமானது. ஆகவே 2010களின் நடுப்பகுதிக்கு முன் நடந்த எந்தப் பிள்ளை ஆய்வையும், அது எந்தக் காரணியைப் பற்றியதாயினும், அதன் எண்களைச் சற்றுத் தளர்த்திப் படிப்பதே சரி. காரணிகளைப் பட்டியலிடுபவர்கள் இந்த எச்சரிக்கையைச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

அந்த எச்சரிக்கையோடுதான் பான்வெல் குழுவின் 2011 கனடிய ஆய்வையும் படிக்க வேண்டும். ஆனாலும் என் பார்வையில் இத்துறையின் மிகச் சிறந்த பிள்ளை ஆய்வு அதுவே. முதல் மயலின் தாக்குதலோடு வந்த 302 பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களை முன்னோக்கித் தொடர்ந்து கவனித்தார்கள். 63 பேருக்கு எம்.எஸ். உறுதியானது. டி.ஆர்.பி.1 மரபணுவின் 15 வகையைச் சுமந்து, முன்பே எப்ஸ்டீன்-பார் தொற்று வந்து, வைட்டமின் டி அளவும் குறைவாக இருந்த 35 பிள்ளைகளில் 20 பேர், அதாவது 57 சதவீதத்தினர், எம்.எஸ். நோயாளிகள் ஆனார்கள். மூன்றும் இல்லாத 20 பேரில் ஒரே ஒருவர். இந்த வேறுபாடு மலைக்கவைக்கிறது. ஆனாலும் இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். அந்த 57 சதவீதம், முதல் தாக்குதல் ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைகளுக்கு உரியது. தெருவில் விளையாடும் எந்தப் பிள்ளைக்கும் உரியதல்ல. மூன்று காரணிகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றனவா என்று பார்த்தபோது அப்படி எதுவும் புலப்படவில்லை. 302 பேரை வைத்துப் பெருக்கலைக் காண்பது கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைட்டமின் டியைப் பற்றித்தான் எனக்கு அதிகத் தயக்கம். கடை அலமாரி முழுக்க விற்பனையாகும் பொருள் அது, அதனாலேயே அதைப் பற்றிய கூற்றுகளை இன்னும் கறாராகச் சோதிக்க வேண்டும். நோயின் தொடக்கத்தில் டி குறைவாக இருப்பது எதையும் நிறுவாது. நோய்வாய்ப்பட்ட பிள்ளை வெளியே போகாது, வெயில் படாது, டி குறையும். இந்தத் தலைகீழ்த் தொடர்பிலிருந்து தப்பிக்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். வைட்டமின் டி அளவைக் குறைக்கும் மரபணு வேறுபாடுகள் கருவிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. நோயோ பழக்கமோ அவற்றை மாற்றாது. அப்படிக் குறைவான டிக்கான மரபணுக்களைப் பெற்ற பிள்ளைகளுக்கு எம்.எஸ். கூடுதலாக வருவதை 2017இல் அமெரிக்காவும் சுவீடனும் சேர்ந்த ஆய்வு காட்டியது. இது தட்டிக்கழிக்கக்கூடிய சாட்சியம் அல்ல.

ஆனால் எதிர்ச்சாட்சியமும் கனமானது. முதல் தாக்குதல் வந்த பெரியவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்துச் சோதித்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு 2023இல் எந்தப் பலனையும் காணவில்லை. 2025இல் வெளியான பிரெஞ்சு ஆய்வோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் அலகு என்ற பெரிய அளவில் கொடுத்து, டி பெறாதவர்களில் 74 சதவீதத்தினரிடம் காணப்பட்ட நோய்ச் செயல்பாடு டி பெற்றவர்களில் 60 சதவீதத்தினரிடமே இருந்ததைக் கண்டது. இரண்டுமே நோய் வந்தபின் நடந்தவை, பெரியவர்களிடம் நடந்தவை. வராமல் தடுப்பதைப் பற்றி அவை எதுவும் பேசவில்லை. நம் நாட்டைப் பாருங்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தியாவில் வைட்டமின் டி குறைவு ஏழை, பணக்காரர் வித்தியாசமில்லாமல் பரவிக் கிடக்கிறது. ஆனாலும் மங்களூரில் எடுக்கப்பட்ட கணக்கில் எம்.எஸ். ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 8 பேர்தான். வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் அது நூறைத் தாண்டும், பல இடங்களில் இருநூறைத் தாண்டும். நரம்பியல் மருத்துவர்களும் எம்.ஆர்.ஐ. வசதியும் குறைவு என்பதால் நம் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்தக் குறை ஒன்றே இருபது மடங்கு இடைவெளியை விளக்கிவிடாது. டி குறைவு மட்டும் போதுமான காரணம் என்றால் நம் நாட்டு மருத்துவமனைகள் எம்.எஸ். பிள்ளைகளால் நிரம்பியிருக்க வேண்டும்.

டி மாத்திரையைவிட வெயிலுக்கே என் வாக்கு. 2022 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 332 பிள்ளை நோயாளிகளை 534 ஆரோக்கியமான பிள்ளைகளோடு ஒப்பிட்டது. கோடையில் தினமும் அரை மணிக்கும் குறைவாக வெளியே இருந்தவர்களோடு ஒப்பிட, அரை மணி முதல் ஒரு மணி இருந்தவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு பாதியாகவும், ஒன்று முதல் இரண்டு மணி இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்காகவும் இருந்தது. அளவு கூடக்கூடப் பலன் கூடுவது நல்ல அறிகுறி. வெயில் தோலில் நிகழ்த்தும் நோயெதிர்ப்பு மாற்றங்கள் வைட்டமின் டியோடு முடிந்துவிடுவதில்லை. ஆனாலும் இது பெற்றோரின் நினைவைக் கேட்டறிந்த ஆய்வு. நோய் வெளிப்படுவதற்கு முன்பே சோர்வால் பிள்ளை வீட்டுக்குள் ஒடுங்கியிருக்கலாம் என்ற ஐயமும் முழுவதும் தீரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்பதை நான் நம்பவில்லை. திசையை நம்புகிறேன்.

உடல் பருமனுக்கான சாட்சியம் நான் எதிர்பார்த்ததைவிட உறுதியானது. தென் கலிபோர்னியாவில் 2013இல் வெளியான ஆய்வு, நோய் அறிகுறி தோன்றுமுன் மருத்துவமனையில் அளந்து பதிவான எடையையும் உயரத்தையும் பயன்படுத்தியது. யாருடைய ஞாபகமும் தேவைப்படவில்லை. மிக அதிகப் பருமனான சிறுமியருக்கு வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல் இருந்தது. சிறுவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நோயாளிகள் 75 பேர்தான் என்பதால் அந்த மூன்றரையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மேலே சொன்ன மரபணுக் குலுக்கல் முறையிலும் பருமன் காரணியாக நிற்கிறது. பருவமடைவதற்கு முன் சிறுவர், சிறுமியர் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாகவும், அதற்குப்பின் சிறுமியர் இரண்டு மூன்று மடங்காகவும் இருப்பதோடும், பருமன் பருவமடைதலை முன்தள்ளுவதோடும் இது பொருந்துகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேரும்போது நான் நம்பத் தொடங்குகிறேன்.

வீட்டுப் புகை அப்படி அல்ல. 2007இல் பிரான்சில் நடந்த ஆய்வு, பெற்றோர் புகைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு வாய்ப்பு என்றது. பின்னால் வந்த அமெரிக்க ஆய்வில் அது தனிக் காரணியாக நிலைக்கவில்லை. கனடாவில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. எம்.எஸ். நோயாளியோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் இரத்த உறவு இல்லாதவர்களுக்கு நோய் பொது அளவிலேயே இருந்தது. ஒரே சமையலறை, ஒரே காற்று, ஒரே புகை. அவற்றில் பெரிய ஆபத்து இருந்திருந்தால் அங்கே வெளிப்பட்டிருக்க வேண்டும். சிறிய ஆபத்தை அந்த ஆய்வால் பிடிக்க முடியாது என்பதால் புகையை விடுதலை செய்ய மாட்டேன். வழக்கு நிலுவையில் இருக்கிறது. பிள்ளையின் நுரையீரலுக்காகவேனும் வீட்டில் புகைக்காதிருப்பது நல்லது, ஆனால் எம்.எஸ். வந்த பிள்ளையின் தந்தையிடம் "உன் சிகரெட்தான் காரணம்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உப்பைச் சோதித்த பிள்ளை ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

தடுப்பூசியைப் பற்றி நீட்டாமல் முடிக்கலாம், ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எம்.எஸ். கொண்டுவருகிறது என்ற அச்சத்தால் பிரான்ஸ் 1998 அக்டோபரில் பள்ளிகளில் அதைப் போடுவதை நிறுத்தியது. பின்னர் அதே நாட்டில் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து கூடவில்லை என்றது. உட்குழு ஒன்றில் ஒரு நிறுவனத்தின் ஊசிக்கு மட்டும் ஒரு தொடர்பு தெரிந்தது. குழுவைப் பல துண்டாக்கித் தேடினால் ஏதாவது ஒன்று தட்டுப்படத்தான் செய்யும். 2014இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு எந்தத் தடுப்பூசிக்கும் நீண்டகாலத் தொடர்பு இல்லை என்று காட்டியது. தடுப்பூசி குற்றமற்றது என்பது என் தீர்ப்பு. அந்தப் பயத்தால் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடுபவர்கள் இல்லாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தைப் பிள்ளை மேல் சுமத்துகிறார்கள்.

ஆக, எப்ஸ்டீன்-பார் தொற்று கிட்டத்தட்ட இன்றியமையாத காரணம், ஆனால் அது மட்டும் போதாது. அது யாரிடம் நோயாக மாறும் என்ற வாய்ப்பை மரபணு கூட்டுகிறது. இளமைப் பருமன் உண்மையான, மாற்றக்கூடிய காரணி. வெயில் பெரும்பாலும் உண்மை, வைட்டமின் டி மாத்திரையால் தடுக்கலாம் என்பது இன்னும் நிறுவப்படாதது. எம்.எஸ். உள்ள பிள்ளையின் உடன்பிறப்புக்கு வாழ்நாளில் நோய் வரும் வாய்ப்பு வட ஐரோப்பிய மக்களிலேயே சுமார் 3 சதவீதம்தான். அவர்களுக்கு எச்.எல்.ஏ. சோதனை செய்து பயத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

மீதியிருப்பது, நம் பக்கம் திரும்ப வேண்டிய ஒரு கேள்வி. இந்தியப் பிள்ளைகளுக்கு எப்ஸ்டீன்-பார் பெரும்பாலும் மழலைப் பருவத்திலேயே சத்தமில்லாமல் தொற்றிவிடுகிறது. மேலை நாடுகளில் பலருக்கு அது பதின்வயதில், நெறி கட்டும் காய்ச்சலாக வருகிறது. அப்படிக் காய்ச்சலோடு வந்தவர்களுக்கு எம்.எஸ். இரண்டு மடங்குக்கும் மேல். வைரஸ் வந்ததா என்பதைப் போலவே எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியமானால், நம் நாட்டின் குறைந்த எண்ணிக்கைக்கு அது ஒரு விளக்கம். அதோடு ஒரு எச்சரிக்கையும்கூட. அமெரிக்காவில் 2022இல் இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசிகளின் முதற்கட்டச் சோதனைகள் தொடங்கின. தொற்றை முற்றிலும் தடுக்காமல் பதின்வயதுக்குத் தள்ளிப்போடும் ஊசி ஒன்று வந்தால், அது நம் பிள்ளைகளுக்கு நன்மையைவிடத் தீமை செய்யக்கூடும். இதைச் சோதிக்கத் தேவையான பிள்ளைகளும் மருத்துவர்களும் இங்கே இருக்கிறார்கள். மோக் சோதனையோடு நோயை ஐயமின்றி உறுதிசெய்து, தொற்று வந்த வயதைப் பதிவுசெய்து, பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடரும் ஓர் ஆய்வை சென்னை, வேலூர், மதுரை குழந்தை நரம்பியல் பிரிவுகள் கூடித் தொடங்க வேண்டும். அந்த ஊசி நம் ஊருக்கு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.